.40-ஆ, 10 எம்எம்-ஆ? பேப்பர் டார்கெட் சுடறவங்க, வீட்லயே ரீலோட் பண்றவங்க எதை எடுக்கணும்

டெக்சாஸ் பக்கம் நம்மாளுங்க நிறைய பேர் இப்ப ரேஞ்சுக்கு வர ஆரம்பிச்சிருக்காங்க. அதுல ஒரு தம்பி, கிரீன் கார்டு கைக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, என்கிட்ட வந்து "அண்ணா, ஃபார்ட்டி வாங்கவா டென் எம்எம் வாங்கவா, ரெண்டுலயும் ஒரே சைஸ் புல்லட்தானாம், அப்புறம் எதுக்கு ரெண்டு?"ன்னு கேட்டாரு. இதே கேள்விய வேற ரெண்டு பேரும் கேட்டிருக்காங்க. மூணு பேருக்கும் சனிக்கிழமை பேப்பர்ல சுடணும், மாசத்துக்கு ஒரு மேட்ச் போகணும், கராஜ்ல ஒரு ப்ரெஸ் (ரவுண்ட அழுத்தி சேக்கற கை மெஷின்) போட்டு சுட்ட கூட்டுலயே திரும்ப சொந்தமா ரவுண்டு தயாரிக்கணும், அதாவது ரீலோட் பண்ணணும், அவ்வளவுதான். மூணு பேருக்கும் தனித்தனியா சொன்னத மொத்தமா இங்க எழுதறேன்.

கிரீன் கார்டுன்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு. ஹெச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கறது ஃபெடரல் சட்டப்படி பொதுவா தடை. செல்லுபடியாகற ஹண்டிங் லைசென்ஸ் இருக்கறது மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அத நண்பன் சொன்னான்னு நம்பி இறங்காதீங்க, வக்கீல்கிட்ட கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. ரீலோடிங்க பொறுத்தவரை சொந்த உபயோகத்துக்கு தயாரிக்க ஃபெடரல் லைசென்ஸ் எதுவும் வேண்டாம், ஆனா அத தொழிலா வித்தீங்கன்னா உற்பத்தியாளர் லைசென்ஸ் வேணும்.

ஒரு வார்த்தை விளக்கம். நாம ஊர்ல எல்லாத்தையும் தோட்டான்னு சொல்லிடுவோம், இங்க முழுசா சேர்ந்தது ரவுண்டு, முன்னாடி பறந்து போற தலை புல்லட், சுட்ட பிறகு கீழ விழற பித்தளை கூடு பிராஸ். கூட்டுக்குள்ள போடற வெடிமருந்து பவுடர், அத பத்த வைக்க கூட்டோட அடில இருக்கறது பிரைமர், எந்த புல்லட், எவ்வளவு பவுடர்ங்கற சேர்க்கை லோடு. ரவுண்டு போய் உக்கார்ற பேரலோட பின்பகுதி சேம்பர், .40, 10 எம்எம்ங்கற ரவுண்டு வகைதான் காலிபர். இந்தக் கட்டுரை முக்கால்வாசி அந்த பிராஸ பத்திதான்.

## எதை வச்சு அளக்கறது

பவர் எவ்வளவுங்கறத எல்லாரும் முதல்ல கேப்பாங்க, பேப்பர்ல ஓட்டை போடறவனுக்கு அது கடைசி கேள்வி. நான் பாக்கறது இந்த வரிசைலதான்:

1. பிராஸ் எவ்வளவு சுலபமா கிடைக்குது, சுட்டப்புறம் எவ்வளவு திரும்பி கைக்கு வருது
2. ஒரு நாள்ல 200 ரவுண்டு சுட்டா கை என்ன சொல்லுது
3. நீங்க போற மேட்ச்சோட ரூலுக்கு பொருந்துதா
4. ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு பவுடர், எந்த மாதிரி புல்லட்
5. துப்பாக்கியோட சைஸ், விலை
6. நாளைக்கு பேப்பர் தவிர வேற எதுக்காவது வேணுமா

ஆறாவது கேள்விக்கு உங்க பதில் "ஆமா"ன்னா முடிவே மாறிடும்.

## ஒரே வயித்துல பொறந்த ரெண்டு

இந்தக் கதை தெரிஞ்சாத்தான் முடிவு எடுக்க முடியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

10 எம்எம்தான் மூத்தது. 1983ல பிரென் டென்ங்கற துப்பாக்கியோட வெளிவந்துச்சு, அதுக்குப் பின்னாடி முக்கியமா இருந்தவர் பிஸ்டல் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர். நார்மா கம்பெனி போட்ட ஆரம்ப ரவுண்டு 200 கிரெய்ன் (புல்லட், பவுடர் எடைக்கு சொல்ற சின்ன அளவு) புல்லட்ட நொடிக்கு 1200 அடி வேகத்துல தள்ளுச்சு, அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு அது முரட்டு வேகம். பிரென் டென் கம்பெனி 1986ல திவாலாகிடுச்சு, அடுத்த வருஷம் கோல்ட் டெல்டா எலீட் வரலைன்னா இந்த காலிபரும் அதோட போயிருக்கும்.

1986 ஏப்ரல் 11ம் தேதி மயாமியில எஃப்பிஐ ஆளுங்களுக்கும் ரெண்டு கொள்ளைக்காரங்களுக்கும் சண்டை நடந்துச்சு, ரெண்டு ஏஜெண்ட் செத்துட்டாங்க, அஞ்சு பேருக்கு காயம். 9 எம்எம் புல்லட் தேவையான ஆழத்துக்கு போகலன்னு முடிவு பண்ணி, புதுசா எது எடுக்கலாம்னு எஃப்பிஐ சோதிச்சு பாத்து 10 எம்எம்ல வந்து நின்னுச்சு. ஆனா முழு வேகத்துல வச்சா ஆளுங்களால கட்டுப்படுத்த முடியாதுன்னு 180 கிரெய்ன் புல்லட்ட கிட்டத்தட்ட 950 அடி வேகத்துக்கு இறக்கிட்டாங்க.

அப்பதான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் கணக்கு போட்டாங்க. இந்த வேகத்துக்கு இவ்வளவு நீளமான கூடு எதுக்கு, உள்ள பாதி காலியாத்தான கிடக்குன்னு, கூட்ட வெட்டி சின்னதாக்கி 9 எம்எம் சைஸ் துப்பாக்கிக்குள்ளயே அடங்கற மாதிரி பண்ணி 1990ல வெளியிட்டதுதான் .40 எஸ் அண்ட் டபிள்யூ. அமெரிக்கா முழுக்க போலீஸ் டிபார்ட்மெண்டுகள் அத அள்ளிக்கிட்டாங்க. 2010களோட நடுவுல எஃப்பிஐ திரும்ப 9 எம்எம்க்கே போச்சு, மத்தவங்களும் பின்னாடியே போயிட்டாங்க.

இதுல நமக்கு என்ன இருக்குன்னா, அந்த 180 கிரெய்ன், 950 அடிங்கற நம்பர்தான். மேட்ச் சுடறவன் கடைசில வந்து நிக்கற இடமும் கிட்டத்தட்ட அதேதான், கீழ கணக்கு போட்டு காட்டறேன். அதாவது .40ங்கறது டார்கெட் வேகத்துக்குன்னே அளவெடுத்து தைச்ச 10 எம்எம். இன்னொன்னு, கால் நூற்றாண்டு போலீஸ்காரங்க பயிற்சிக்கு சுட்டு தள்ளின பிராஸும், அவங்க கைமாத்தி விட்ட பழைய துப்பாக்கியும் சந்தையில குவிஞ்சு கிடக்கு.

## அளவுகள் ஒரு பார்வைல

| | .40 எஸ் அண்ட் டபிள்யூ | 10 எம்எம் ஆட்டோ |
|---|---|---|
| புல்லட் விட்டம் | 0.400 இன்ச் | 0.400 இன்ச் |
| பிராஸ் நீளம் | 0.850 இன்ச் (21.6 மி.மீ.) | 0.992 இன்ச் (25.2 மி.மீ.) |
| ரவுண்டோட முழு நீளம், அதிகபட்சம் | 1.135 இன்ச் | 1.260 இன்ச் |
| அதிகபட்ச அழுத்தம் | 35,000 பிஎஸ்ஐ | 37,500 பிஎஸ்ஐ |
| பிரைமர் | ஸ்மால் பிஸ்டல் | பொதுவா லார்ஜ் பிஸ்டல் |
| டை செட் (ப்ரெஸ்ல மாட்டற அச்சுகள்) | ரெண்டுக்கும் ஒண்ணே | ரெண்டுக்கும் ஒண்ணே |
| துப்பாக்கி சைஸ் | 9 எம்எம் ஃப்ரேம்லயே அடங்கும் | .45 சைஸ் பெரிய ஃப்ரேம் வேணும் |

டை ஒண்ணுதான்னு பாத்ததும் "அப்ப ரெண்டுமே பண்ணிக்கலாமே"ன்னு தோணும். கூட்ட ப்ரெஸ்ல பிடிச்சுக்கற ஷெல் ஹோல்டரும் ஒண்ணுதான், உண்மை. ஆனா பிரைமர் சைஸ் வேற, அதனால ப்ரெஸ்ல பிரைமர் ஊட்டற பாகத்த ஒவ்வொரு தடவையும் மாத்தணும், கூட்டோட வாய விரிக்கற (பெல் பண்ற) டையும், புல்லட்ட உக்கார வைக்கற சீட்டிங் டையும் உயரம் மாத்தி திரும்ப செட் பண்ணணும். அரை மணி நேர வேலை. மாசத்துக்கு ஒரு தடவைன்னா பரவால்ல.

## .40 எப்படி

பிராஸ்லேர்ந்து ஆரம்பிக்கறேன். நான் இங்க ரேஞ்சுல தரையப் பாத்து நடந்தாலே .40 பிராஸ் கிடைக்கும், ஏன்னா அத சுடறவங்க பாதி பேர் ரீலோட் பண்றதில்ல, விட்டுட்டு போயிடறாங்க. (சில இன்டோர் ரேஞ்சுல கீழ விழுந்தது அவங்களுக்குத்தான் சொந்தம்னு ரூல் இருக்கு, முதல்லயே கேட்டுக்கோங்க.) காசு குடுத்து வாங்கினாலும் ஒரு தடவை சுட்ட .40 பிராஸ் மூட்டைக் கணக்குல மலிவா வரும். இதனால மனசுக்கு ஒரு நிம்மதி, சில அவுட்டோர் மேட்ச்ல பிராஸ பொறுக்கவே விட மாட்டாங்க, அங்க விட்டுட்டு வந்தாலும் வயிறு எரியாது.

இலவசமா வந்த பிராஸ்ல ஒரு தலைவலி உண்டு. 9 எம்எம் கூடு .40 கூட்டுக்குள்ள அப்படியே போய் உக்காந்துக்கும், .40 போய் .45க்குள்ள உக்காந்துக்கும். அந்த நிலையில தண்ணி, சின்ன உலோக பின் போட்டு டம்ளர்னு சொல்ற சுழல்ற டிரம்ல கழுவினீங்கன்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறுகிப் போய் கையால பிரிக்கவே முடியாது. கழுவறதுக்கு முன்னாடியே சல்லடை வச்சு பிரிச்சிடுங்க. நான் முதல் வாளிய அப்படியே கொட்டி கழுவிட்டு, அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இடுக்கி வச்சு பிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இன்னொன்னு முக்கியமானது, பழைய கிளாக் .40ல சேம்பரோட அடிப்பக்கம் பிராஸ முழுசா தாங்கிப் பிடிக்காது, அதுல சுட்ட பிராஸ் அடிப்பாகத்துல ஒரு பக்கம் வீங்கி இருக்கும். கூட்ட திரும்ப சரியான அளவுக்கு அழுத்தற சாதாரண சைசிங் டை அவ்வளவு கீழ வரைக்கும் போகாது, அதனால அந்த வீக்கம் அப்படியே இருந்து உங்க மேட்ச் துப்பாக்கியோட இறுக்கமான சேம்பர்ல பாதில சிக்கிக்கும். முழுசா உள்ள தள்ளி வெளிய எடுக்கற புஷ் த்ரூ டை தனியா விக்கறாங்க, .40க்கு விளிம்பு துருத்திக்கிட்டு இல்லாததால அது வேலை செய்யும். இந்த டை விலையையும், ஒவ்வொரு கூட்டையும் தள்ளற நேரத்தையும் பிராஸ் இலவசம்னு சொல்றப்ப சேத்துக்கணும். ரொம்ப வீங்கி மடிப்பு விழுந்திருந்தா தூக்கிப் போட்டுடுங்க, அத காப்பாத்தி ஒண்ணும் ஆகப் போறதில்ல.

மேட்ச் கணக்குக்கு வர்றேன். யுஎஸ்பிஎஸ்ஏல (இங்க வேகமா சுடற மேட்ச் நடத்தற அமெரிக்க சங்கம்) பவர் ஃபேக்டர்னு ஒண்ணு பாப்பாங்க, புல்லட் எடைய வேகத்தால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா வர்ற நம்பர். மேஜர்ங்கற மேல் வகைக்கு குறைஞ்சது 165, மைனர்ங்கற கீழ் வகைக்கு 125. 180 கிரெய்ன் புல்லட் 920 அடில போனா 165.6, கோட்ட தொட்டுடுச்சு. குளிர் நாள்ல வேகம் குறையலாம்னு 945 அடிக்கு ஏத்தி வச்சா 170. அந்த எஃப்பிஐ நம்பர்லயே வந்து நிக்கறோம் பாருங்க. மேஜர்ல சுட்டா டார்கெட்ல சி பகுதில பட்டதுக்கு 4 பாயிண்ட், மைனருக்கு 3தான், டி பகுதிக்கு 2, மைனருக்கு 1. நடுவுல ஏ பகுதி ரெண்டு பேருக்குமே 5. வேகமா சுடறப்ப சி நிறைய விழும், அதனாலதான் லிமிட்டெட்ங்கற டிவிஷன்ல (துப்பாக்கி வகைய வச்சு பிரிச்ச போட்டிப் பிரிவு) பல வருஷமா .40 ராஜ்ஜியம், அங்க மேஜர் எடுக்க குறைஞ்சது .40 வேணும்னு வச்சிருந்தாங்க. வெளிநாட்டுல இதே மாதிரி மேட்ச் நடத்தற ஐபிஎஸ்சில ஸ்டாண்டர்ட் டிவிஷனும் அதே மாதிரி, அங்க மேஜர் 170. புரொடக்‌ஷன், கேரி ஆப்டிக்ஸ் மாதிரி எல்லாத்தையும் மைனராவே எண்ணற டிவிஷன்ல சுடறீங்கன்னா .40க்கு எந்த லாபமும் இல்ல, 9 எம்எம் வாங்கிட்டு சந்தோஷமா இருங்க.

ரிகாயில், அதாவது சுடறப்ப துப்பாக்கி கைய பின்னாடி உதைக்கறது பத்தி ரெண்டு விதமா பேச்சு இருக்கு. கடையில வாங்கற .40 ரவுண்டு சின்ன துப்பாக்கில வெடுக்குனு துள்ளும், அதனால நிறைய பேருக்கு இது மேல கோவம். ரீலோட் பண்றவனுக்கு அந்தப் பிரச்சனை கையில இருக்கற விஷயம், கனமான புல்லட், வேகமா எரியற பவுடர், மிதமான வேகம்னு வச்சா வெடுக்கு போய் ஒரு மெதுவான தள்ளலா மாறிடும். மைனருக்கு 180 கிரெய்ன் 700 அடி போதும், அந்த லோட என் மனைவிக்கு குடுத்தப்ப 9 எம்எம்ம விட இது சுகமா இருக்குன்னு சொன்னாங்க.

.40ல ஒரு இடம் மட்டும் கவனமா இருக்கணும். கூடு சின்னது, அழுத்தம் அதிகம், அதனால புல்லட் கொஞ்சம் உள்ள அமுங்கினாலே அழுத்தம் எகிறிடும். ஒரே ரவுண்ட திரும்பத் திரும்ப சேம்பர்ல ஏத்தி இறக்கினா புல்லட் உள்ள போயிடும். முடிச்ச ரவுண்ட பெஞ்சு விளிம்புல வச்சு கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, புல்லட் நகர்ந்தா அந்த பேட்ச் முழுசுலயும் ஏதோ தப்பு.

## 10 எம்எம் எப்படி

.40 ஆளுங்கள "ஷார்ட் அண்ட் வீக்"னு 10 எம்எம் ஆளுங்க கிண்டல் பண்ணுவாங்க, எஸ் அண்ட் டபிள்யூவ அப்படி விரிச்சு. பவருன்னு பாத்தா அவங்க சொல்றதுல தப்பில்ல. அந்த 200 கிரெய்ன், 1200 அடி ரவுண்டுக்கும் நம்ம 180 கிரெய்ன், 950 அடிக்கும் சக்தி கணக்கு போட்டா ஒண்ணேமுக்கால் மடங்கு வித்தியாசம். டெக்சாஸ்ல காட்டுப்பன்னி தொல்லை எவ்வளவுன்னு இங்க இருக்கறவங்களுக்கு தெரியும், பிஸ்டல் எடுத்துக்கிட்டு பன்னி வேட்டைக்குப் போறவங்களுக்கும், கரடி இருக்கற மலைப்பக்கம் கேம்ப் போறவங்களுக்கும் 10 எம்எம் அர்த்தமுள்ள காலிபர்.

ஆனா நாம பேசறது பேப்பர். முழு பவர் 10 எம்எம்ல முதல் ஐம்பது ரவுண்டு ஆனந்தம், நூறுக்கு மேல கை நடுங்கி ட்ரிக்கர இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ண சிமிட்ட ஆரம்பிச்சிடுவோம், அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டா போக்க மாசக்கணக்குல ஆகும். அதனால டார்கெட்டுக்கு 10 எம்எம் வச்சிருக்கற எல்லாருமே கடைசில லோட இறக்கிடறாங்க, அதாவது .40 வேகத்துக்கே வந்துடறாங்க. கூடு நீளமா இருக்கு, உள்ள காலி இடம் அதிகம், வேலை அதே வேலை.

இறக்கின லோடுக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. 10 எம்எம் துப்பாக்கி பெருசு, ஸ்லைடு (சுடறப்ப பின்னாடி போய் வர்ற மேல்பாகம்) கனம், அதுல .40 வேகத்துல சுட்டா பஞ்சு மாதிரி இருக்கும். பிராஸுக்கும் ஸ்ட்ரெஸ் கம்மி, பத்து தடவைக்கு மேலயே தாங்குது, பிரைமர் குழி தளர்றதில்ல. கோல்ட் டெல்டா எலீட் மாதிரி 1911ங்கற பழைய பிஸ்டல் மாடலோட வடிவ துப்பாக்கியே கையில இருக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு இது போதுமான காரணம்தான்.

கெட்ட பக்கம், காலி இடம். வேகமா எரியற பவுடர கொஞ்சமா போட்டா நீளமான கூட்டோட அடில எங்கயோ கிடக்கும், ரெண்டு தடவை விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கு சட்டுன்னு தெரியாது. ரெட்டை சார்ஜ் போன ரவுண்டு துப்பாக்கியையே பிளந்துடும், விரல் போகும், கண் போகும். .40லயும் இந்த ஆபத்து உண்டு, 10 எம்எம்ல இடம் பெருசா இருக்கறதால இன்னும் ஜாஸ்தி. புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் லைட் அடிச்சு கண்ணால பாருங்க, கூட்ட பாதிக்கு மேல நிரப்பற மாதிரி பருமனான பவுடரா மேனுவல்ல இருந்து தேர்ந்தெடுங்க. நான் எந்த இடத்துலயும் சார்ஜ் எடை எழுதல, எழுதவும் மாட்டேன், அச்சடிச்ச மேனுவல்ல ஆரம்ப லோடுன்னு குடுத்திருக்கறதுல இருந்துதான் தொடங்கணும், யார் வாயால சொன்ன நம்பரும் வேண்டாம்.

பிராஸ்? தரைல கிடைக்காது, கிடைச்சா அன்னைக்கு அதிர்ஷ்டம். வாங்கித்தான் ஆகணும். புது பிராஸ் விலைல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒண்ணும் இல்ல, ஆனா .40ல புதுசே வாங்க வேண்டாம், இங்க வாங்கணும், வித்தியாசம் அங்கதான். வாங்கினத சுட்டா முழு பவர்ல இருபது, முப்பது அடி தள்ளிப் போய் புல்லுக்குள்ள விழும், வேட்டி மடிச்சு கட்டி தேடறா மாதிரி குனிஞ்சு தேடிக்கிட்டே இருக்கணும். நான் நூறு சுட்டா எண்பது எடுத்துட்டு வந்தா நல்ல நாள்.

## கணக்குல வராத செலவு

பவுடர் ஒரு பவுண்டுங்கறது 7000 கிரெய்ன். ஒரு ரவுண்டுக்கு 5 கிரெய்ன் போனா 1400 ரவுண்டு வரும், 10 கிரெய்ன் போனா 700தான். முழு பவர் 10 எம்எம்க்கு மெதுவா எரியற பவுடர் அதிகமா வேணும், அதனால டப்பா பாதி வேகத்துல காலியாகும். இறக்கின லோடுக்கு இந்த வித்தியாசம் கம்மி.

புல்லட். டார்கெட்டுக்கு எல்லாரும் வாங்கறது மெல்லிசா செம்பு பூசின பிளேட்டட் இல்ல பாலிமர் கோட்டிங் போட்ட ஈயம், மலிவு. பிளேட்டட் புல்லட்டுக்கு வேக வரம்பு இருக்கு, தயாரிக்கறவங்களே போட்டிருப்பாங்க, முழு பவர் 10 எம்எம்ல அத தாண்டிடுவீங்க, அப்ப விலை அதிகமான, கெட்டியான உலோக உறை போட்ட ஜாக்கெட்டட் புல்லட்டுக்கு மாறணும். கிளாக் ஒரிஜினல் பேரல்ல வெறும் ஈய புல்லட் சுடக்கூடாதுன்னு கம்பெனியே சொல்லுது, ரெண்டு காலிபருக்கும் இது பொருந்தும், வெறும் ஈயம்தான் வேணும்னா வேற பேரல் வாங்கணும், அதையும் செலவுல எழுதுங்க.

ஸ்பிரிங். முழு பவர் 10 எம்எம் சுடறவங்க கெட்டியான ரிகாயில் ஸ்பிரிங் மாத்துவாங்க, அப்புறம் இறக்கின லோடு போட்டா அதே ஸ்பிரிங்க தள்ள பலம் பத்தாம ஸ்லைடு முழுசா பின்னாடி போகாது, பிராஸ் மாட்டிக்கும். ரெண்டு விதமா சுடறவங்க ரெண்டு ஸ்பிரிங் வச்சு மாத்திக்கிட்டே இருக்கணும்.

கை அளவு. கிளாக் 20 பிடி பெருசு, .45 ஃப்ரேம். நம்மாளுங்கள்ல சின்னக் கை உள்ளவங்க நிறைய பேர், ட்ரிக்கர தொடறதுக்கு விரல் எட்டாம துப்பாக்கிய திருப்பிப் பிடிக்க ஆரம்பிச்சா குறி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். .40க்கு கிளாக் 22 எடுத்தா அது 9 எம்எம் கிளாக் 17 சைஸ்தான், போலீஸ் கைமாத்தினது மலிவாவும் கிடைக்கும். இதுல ஒரு பெயர்க் குழப்பம், கிளாக் 40ன்னு ஒரு மாடல் இருக்கு, அது .40 இல்ல, நீள ஸ்லைடு வச்ச 10 எம்எம். பேர மட்டும் பாத்து ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடாதீங்க.

## ரெண்டையும் ஒரே பெஞ்சுல வைக்கறவங்களுக்கு

10 எம்எம் ரவுண்டு .40 சேம்பர்ல ஏறாது, நீளம் தடுத்துடும். .40 ரவுண்டு 10 எம்எம் சேம்பர்ல போய் உக்காந்துடும், அங்கதான் வம்பு. ரெண்டுமே கூட்டோட வாய் விளிம்பு சேம்பரோட படில முட்டி நிக்கற டிசைன். (அதனாலதான் வாய புல்லட் மேல லேசா இறுக்கற டேப்பர் கிரிம்ப் மட்டும் போடணும், ரிவால்வர் ரவுண்டு மாதிரி வாய உள்ள சுருட்டினா முட்டறதுக்கு விளிம்பே இருக்காது.) குட்டையான .40 அந்தப் படிய எட்டாது, சுட்ட கூட்ட வெளிய இழுக்கற எக்ஸ்ட்ராக்டர் கொக்கி பிடிச்சிருக்கற தைரியத்துல தொங்கிக்கிட்டு நிக்கும். "நான் சுட்டேன், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்கள நிறைய பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கொக்கிதான் அடி வாங்குது, புல்லட் மூணரை மில்லிமீட்டர் காத்துல தாவி ரைஃப்ளிங்குக்குள்ள (பேரல் உள்ள இருக்கற சுருள் வரி) நுழையுது, டார்கெட்டுக்காக சுடறவன் அப்படி ஏன் சுடணும். பண்ணாதீங்க.

முறையா ரெண்டும் சுட வழி இருக்கு. கிளாக் 20க்கு .40 கன்வெர்ஷன் பேரல் தனியா விக்கறாங்க, மாட்டினா கனமான துப்பாக்கில மலிவான .40 பிராஸ் சுடலாம். ரிவால்வர்ல எஸ் அண்ட் டபிள்யூ 610 இருக்கு, மூன் கிளிப்னு ஒரு தகடுல ரவுண்டுகள மாட்டி சுடறது, அங்க கூட்ட தாங்கறது அந்த கிளிப், அதனால .40யும் 10 எம்எம்மும் ரெண்டுமே பத்திரமா சுடலாம், பிராஸும் பறக்காம கிளிப்போட கையிலயே வந்துடும். பிராஸ் தேடி அலுத்துப் போனவங்களுக்கு அது சொர்க்கம், விலைதான் கொஞ்சம் கண்ண கட்டும்.

## யாருக்கு எது

மேஜர்ல சுடற மேட்ச், மாசத்துக்கு ஆயிரம் ரவுண்டுக்கு மேல, பட்ஜெட் கணக்கு பாக்கறவங்க: .40, யோசிக்கவே வேண்டாம். 2011ங்கற மாடல் (வருஷம் இல்ல) மாதிரி மேட்ச் துப்பாக்கி வாங்கினீங்கன்னா அதோட நீள மேகசின்ல (ரவுண்டு அடுக்கற டப்பா) சரியா ஏறணும்னு ரவுண்ட 1.180 இன்ச் பக்கமா நீட்டி லோட் பண்ணுவாங்க, அது சாதாரண கிளாக் மேகசின்ல போகாது, அதனால பெட்டி மேல பெரிய எழுத்துல எழுதி வைங்க.

வருஷத்துல நாலு தடவை வேட்டைக்கும் போவேன், மிச்ச நாள் பேப்பர், ஒரே துப்பாக்கிதான் வாங்குவேன்னா: 10 எம்எம். முழு லோடும் இறக்கின லோடும் வேற வேற நிற பெட்டில வைங்க, ரேஞ்சுல மாத்தி எடுத்தா கை மட்டுமில்ல மனசும் ஆடிப் போயிடும்.

ஒரு கையால வட்ட டார்கெட்ட சுடற பழைய பாணி புல்ஸ்ஐ மேட்ச் சுடணும்னா ரெண்டும் வேண்டாம். அங்க சென்டர்ஃபயர் (கூட்டோட அடில நடுவுல பிரைமர் இருக்கற வகை) பகுதிக்கு .40 வச்சுக்கலாம், ஆனா .45 பகுதிக்கு .45தான் கொண்டு வரணும், அதனால எல்லாரும் ஒரே .45 ஏசிபிய ரெண்டுக்கும் வச்சு சுடறாங்க, அதுக்கு பிராஸும் தரைலயே கிடைக்கும். ஊர்ல தேசியப் போட்டி கனவு இருக்கற தம்பிகளுக்கும் இதேதான், உலக துப்பாக்கி சுடுதல் சங்கமான ஐஎஸ்எஸ்எஃப்போட சென்டர்ஃபயர்ல 9.65 மி.மீ. வரைக்கும்தான் அனுமதி, இது ரெண்டும் 10.16. அங்க .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்தான் ஆட்சி. ஜஸ்பால் ராணா 2006 ஆசிய விளையாட்டுல 25 மீட்டர் சென்டர்ஃபயர்ல தங்கம் வாங்கினாரே, அந்தப் பிரிவு.

பிரைமர் தட்டுப்பாடு வந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கறவங்க: உங்க மத்த துப்பாக்கி 9 எம்எம்னா .40 எடுங்க, ஸ்மால் பிரைமர் ஒரே பெட்டி ரெண்டுக்கும் ஓடும். ஏற்கெனவே .45 சுடறீங்கன்னா 10 எம்எம்ல அந்த சவுகரியம் கிடைக்கும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு வேட்டைல இஷ்டமே இல்ல, லிமிட்டெட்ல சுடணும்ங்கறதுதான் ஆசை. போலீஸ்லேர்ந்து வந்த பழைய .40 ஒண்ண வாங்கியாச்சு, இருட்டுல ஒளிர்ற நைட் சைட் (குறி பாக்கற பாகம்) மங்கிப் போயிருந்துச்சு, பேரல் நல்லா இருக்கு. என் கராஜ்ல இருந்து ரெண்டு வாளி பிராஸ் குடுத்தேன், 9 எம்எம் எல்லாம் பிரிச்செடுத்ததுதான். புஷ் த்ரூ டை வர்ற வரைக்கும் வீங்கினத தனியா ஒரு டப்பால போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்.